மதுரை அரியணை – 3: கோட்டை வாசலில் இரண்டு தலைகள்

மதுரைக் கோட்டைக்குள் பராக்கிரம பாண்டியன் முற்றுகையில் தவிப்பதோடு சென்ற வாரம் நிறுத்தினோம். சிவகாசிக்காரர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்த மன்னர் நினைவுக்கு வருவார். அவர் 15-ஆம் நூற்றாண்டுத் தென்காசிப் பாண்டியர். நம் கதை நடப்பது 1160-களில்.

அரியணை கேட்டு வெளியே படையோடு நிற்கும் குலசேகரனும் பாண்டியன்தான். நெல்லைச் சீமையும், தாய்மாமன்மாரின் கொங்குப் படையும் அவன் பலம். நெல்லையிலிருந்து மதுரைக்குப் போகிற படை, இன்றைய சாத்தூர், விருதுநகர் கரிசலை மிதிக்காமல் போயிருக்க முடியாது. விளைந்து நின்ற கம்பும் சோளமும் என்னவாகியிருக்கும்?

பராக்கிரமன் ஈழத்துக்கு ஆள் அனுப்பினான். பொலன்னறுவை மன்னன் பராக்கிரமபாகு, தளபதி இலங்காபுரனை அனுப்பினான். உதவி வந்து சேருமுன் மதுரை விழுந்தது. பராக்கிரமனை மனைவி மக்களோடு குலசேகரன் கொன்றான். தப்பிப் பிழைத்த மகன் வீரபாண்டியன். அவனை அரியணை ஏற்றியே தீருவதென்று ஈழப்படை இராமேசுவரத்தில் இறங்கியது.

  

ஈழப்படையிடம் தோற்ற குலசேகரன், சோழ மன்னன் இரண்டாம் இராசாதிராசனிடம் உதவி கேட்டு ஓடினான். ஈழப்படை குறித்த கலக்கம் காஞ்சிபுரம் வரை பரவியிருந்ததை ஆர்ப்பாக்கம் கல்வெட்டு சொல்கிறது. எதிரிலிசோழ சம்புவராயர் என்ற சிற்றரசர், உமாபதிதேவர் என்ற சிவாச்சாரியாரிடம் போய் முறையிடுகிறார். இரவும் பகலுமாக 28 நாள் பூசை நடக்கிறது. எதிரி ஓடினான் என்று சேதி வந்த பிறகு, ஆர்ப்பாக்கம் கிராமமே உமாபதிதேவருக்குக் காணிக்கையாகிறது. எத்தனை பயந்திருந்தால் ஒரு முழு ஊரைக் கொடுப்பார்கள்!

சோழர் தளபதி பல்லவராயர் வென்றார். இலங்காபுரன் உள்ளிட்ட ஈழத் தளபதிகளின் தலைகளை மதுரை வாசலில் அறைந்ததாகச் சோழர் கல்வெட்டு பேசுகிறது. ஈழத்து வரலாற்று நூலான சூளவம்சமோ தங்கள் படை வென்றதாகவே எழுதுகிறது. எது எப்படியோ, குலசேகரன் மறுபடி மதுரையில் அமர்ந்தான்.

அதன்பிறகுதான் அந்த நன்றிகெட்ட காரியம். தன்னைக் காத்த சோழனுக்குத் தெரியாமல், அதே ஈழ மன்னனோடு குலசேகரன் கைகோத்தான். ஈழத்திலிருந்து கடிதங்களும் பரிசுகளும் மதுரைப் பக்கம் வரத் தொடங்கின. அவை வழியிலேயே சோழர் கையில் சிக்கின.

(அடுத்த வாரம்: அரண்மனைக்கு வந்த ஓலை)