பாதை மாற்றும் நாக்கு

கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்படும் புத்தளம் புகைவண்டி, றாகமைச் சந்தியை அடைந்ததும் மலைநாட்டுப் பாதையை விட்டு இடப்புறமாகத் திரும்பி மேற்குக் கரையை நாடிச் செல்கின்றது. நூற்றுக்கணக்கான தொன் எடையுள்ள அவ்வண்டித்தொடரைத் திருப்புவது எது? மோட்டார் வண்டியில் இருப்பது போன்ற திசைமாற்றும் சக்கரம் எதுவும் ஓட்டுநர் கையில் இல்லை. தண்டவாளங்களுக்கிடையே கிடக்கும் இரண்டு கூரிய இரும்பு நாக்குகள் சில அங்குல தூரம் அசைகின்றன, அவ்வளவே. நாக்கு முழுமையாகப் பொருந்தினால் வண்டி சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் செல்லும். பாதியில் நின்றுவிட்டால் தடம் புரளும். இச்சிறு நாக்கை நம்பத்தக்கதாக ஆக்குவதற்கு மனிதன் பட்ட பாடு சிறிதன்று.

இலங்கையில் முதற் புகைவண்டி 1864ஆம் ஆண்டில் ஓடியது. மேற்குக் கரைப் பாதையோ பின்னர் சிறிது சிறிதாக வளர்ந்தது. 1909இல் நீர்கொழும்பையும், 1916இல் சிலாபத்தையும், 1926இல் புத்தளத்தையும் அது எட்டியது. தென்னந்தோட்டங்களுக்கும் உப்பளங்களுக்கும் ஊடே செல்லும் இவ்விருப்புப் பாதையின் பெரும்பகுதி ஒற்றைப் பாதையாகும். எதிரெதிரே வரும் வண்டிகள் ஒன்றுக்கொன்று விலகவேண்டுமானால், ஒரு நிலையத்தில் ஒன்று பக்கப் பாதையில் ஒதுங்கி நிற்க, மற்றையது கடந்து செல்லவேண்டும். ஆகவே, அந்நிலையத்தின் இருபுறத்து நாக்குகளிலும் பயணிகளின் உயிர் தங்கியிருக்கின்றது என்று கூறுவது மிகையாகாது.

ஆதியிலே நாக்கை அசைத்தவன் பாதையோரத்தில் நின்ற காவலாளன். அவன் கையால் நெம்புகோலைத் தள்ளினான், கண்ணால் பார்த்தான், கொடியை அசைத்தான். அவன் மறந்தால் தடுப்பதற்கு வேறெதுவும் இல்லை. 1856ஆம் ஆண்டில் ஜோன் சாக்ஸ்பி என்னும் ஆங்கிலேயர் நெம்புகோல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். நாக்கு ஒரு பக்கமும் கைகாட்டி வேறொரு பக்கமும் பேசுவதை இப்பிணைப்பு முறை தடுத்தது. பாதை சரியாக அமையாதவரை, கைகாட்டியின் நெம்புகோலை எத்தனை பலம் கொண்டு இழுத்தாலும் அது அசையாது. தவறான கட்டளைக்கு இரும்பே கீழ்ப்படிய மறுத்தது.

எனினும், இரண்டு நிலையங்களுக்கு இடையிலுள்ள ஒற்றைப் பாதையை இந்தப் பொறி காக்கவில்லை. 1874இல் இங்கிலாந்தின் தோர்ப் என்னுமிடத்தில், தந்திச் செய்தியில் நேர்ந்த தவறினால் இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதி 25 பேர் மாண்டனர். அதன் பின் 1878இல் எட்வர்ட் டயர் என்பவர் மின்சாரத்தால் பூட்டப்படும் ஒரு கருவியைக் கொணர்ந்தார. இரு நிலையங்களிலும் உள்ள கருவிகள் கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு வட்டத் தகடு வெளியே எடுக்கப்பட்டால், அது மீண்டும் உள்ளே இடப்படும்வரை மற்றொன்று வெளிவராது. தகடு கையிலுள்ள ஓட்டுநரே அப்பகுதியில் செல்லலாம். இலங்கையின் ஒற்றைப் பாதைகளிலும் இம்முறை வேரூன்றியது.

ஆயினும் 1921ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், வேல்ஸ் நாட்டின் அபர்மியூல் நிலையத்தில் நிகழ்ந்தது என்ன? வந்து நின்ற வண்டியின் ஓட்டுநர் கொடுத்த தகடே, அடுத்த பகுதிக்குரியது என்ற எண்ணத்தில், அவரிடமே திருப்பிக் கொடுக்கப்பட்டது. தகட்டில் பொறித்திருந்த பெயரை எவரும் வாசிக்கவில்லை. 17 உயிர்கள் போயின. கருவி பழுதற்றே இருந்தது. கொடுக்கப்பட்டது சரியானதா என்று சோதிக்கும் பழக்கமே தவறிற்று.

நாக்கை அசைக்கும் வேலைக்கும் மின்சாரம் வந்தபோது இவ்வுண்மை நன்கு உணரப்பட்டது. நீண்ட இரும்புக் கோல்கள் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். கடற்கரையில் உப்புக் காற்றும் மணலும் அவற்றை அரிக்கும். மின்மோட்டார் இக்கோல்களின் தேவையை நீக்கியது. ஆனால் தூரத்தில் இருந்துகொண்டு பொத்தானை அழுத்துபவருக்கு, நாக்கு உண்மையாகவே பொருந்தியதா என்பது எவ்வாறு தெரியும்? அதற்காகவே நாக்கோடு மின்தொடுகைகள் இணைக்கப்பட்டன. நாக்கு முற்றாகப் பொருந்திப் பூட்டப்பட்ட பின்னரே சுற்று நிறைவுறும். அதன் பின்னரே பச்சை விளக்கு எரியும். கம்பி அறுந்தாலோ சிவப்பே நிலைக்கும். 1872இல் வில்லியம் றொபின்சன் என்னும் அமெரிக்கர் வகுத்த தண்டவாள மின்சுற்றோ, வண்டி மேலே நிற்கும்போது நாக்கு அசையாதவாறு காத்தது.

இதே பாடத்தை விளையாட்டாகக் கற்றவர்களும் உண்டு. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1946இல் மாணவர்கள் மாதிரிப் புகைவண்டிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். தொலைபேசி நிலையங்களில் பயன்படும் மின்தொடர்ப்பிகளைக் கொண்டு சின்னஞ்சிறு பாதைகளை இயக்கினர். மாதிரிப் பாதையின் நாக்கை இழுப்பது பெரும்பாலும் ஒரு மின்காந்தச் சுருள். பொத்தானை அதிகநேரம் அழுத்தினால் சுருள் கருகிவிடும். ஆதலால், மின்தேக்கி ஒன்றில் மின்சாரத்தைச் சேர்த்து, ஒரே வீச்சில் வெளிவிடும் ஏற்பாடு தோன்றியது. அதன் பின்னும் நாக்கு நகர்ந்ததா என்று அறிய, தொடுகையும் விளக்கும் வேண்டியிருந்தன. இச்சங்கத்தின் உறுப்பினர் பலர் 1950களின் இறுதியில் கணினியின் பக்கம் திரும்பி, அத்துறையின் முன்னோடிகளாயினர். ‘இது நிகழ்ந்தால் மட்டுமே அது நிகழலாம்’ என்ற விதி, தண்டவாளத்துக்கும் கணினிக்கும் பொதுவன்றோ?

பாதை மாற்றும் கலையின் வரலாறு முழுவதையும் நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். மின்சாரத்தின் பெருங்கொடை அதன் வலிமையன்று. அது தரும் மறுமொழியே. கட்டளை இடுவது எளிது. அது நிறைவேறியதா என்று கேட்டு, விடை கிடைத்த பின்னரே வழிவிடுவது கடினம். மேற்குக் கரைப் பாதையில் அருவக்காட்டுச் சுண்ணாம்புக் கல்லும் பாடசாலைப் பிள்ளைகளும் ஒரே தண்டவாளத்தில் செல்கின்றனர். அப்பாதை எவ்வளவு புதுமை பெற்றாலும், நாக்கை அசைக்கும் மோட்டாருக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு, அந்த மறுமொழியைக் கேட்கும் தொடுகைக்கும் பூட்டுக்கும் போய்ச் சேரவேண்டும். அவ்விரண்டையும் துப்புரவாக வைத்திருக்கும் தொழிலாளரின் உழைப்பே பயணிகளின் காவல்.