‘இல்லம் தேடிக் கல்வி’ பிறந்த கதை

அரசு ஆவணப்படி ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற மாலை வகுப்புத் திட்டம் பிறந்தது 2021 அக்டோபர் 27 அன்று, விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில். முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். ஆனால் அதன் வேர் அதற்கும் முப்பது ஆண்டு முந்தையது. அந்த வேரைச் சொல்லாமல் இந்தத் திட்டத்தின் கதை முழுமை பெறாது.

முதலில் பிரச்சினை. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான். இடையில் ஏறத்தாழ 19 மாதம். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஒளிபரப்பானது. ஸ்மார்ட்போன் உள்ள வீட்டில் ஆன்லைன் வகுப்பு நடந்தது. வீட்டுக்கே ஒரு போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார் என்றால் அந்தப் பிள்ளைக்கு எதுவும் கிடையாது. காசுள்ளவர்கள் டியூஷனுக்கு அனுப்பிச் சமாளித்தார்கள். கூலி வேலையும் நின்றுபோன குடும்பம் என்ன செய்யும்? மூடும்போது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை, திறந்தபோது மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தது. 2020-இல் சேர்ந்த பிள்ளையோ பள்ளிக்கூடத்தையே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்கு வந்திருந்தது.

இவ்வளவு பெரிய இடைவெளியைப் பள்ளி நேரத்துக்குள் மட்டும் அடைக்க முடியாது. மாலையிலும் யாராவது சொல்லித்தர வேண்டும், பிள்ளை நடந்தே போகும் தூரத்தில், காசு வாங்காமல். இந்த மூன்று நிபந்தனைகளிலிருந்துதான் திட்டம் உருவானது. மாலை 5 முதல் 7 வரை வகுப்பு. சுமார் 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். ஐந்தாம் வகுப்பு வரை சொல்லித்தரப் பிளஸ் டூ முடித்தவர், ஆறு முதல் எட்டு வரை பட்டம் பெற்றவர். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. முதலில் 12 மாவட்டங்களில் சோதனை முயற்சி, பிறகு மாநிலம் முழுக்க. வகுப்பு நடக்கத் தனிக் கட்டடம் தேவைப்படவில்லை. வீட்டுத் திண்ணை, சமுதாயக் கூடம், மரத்தடி எதுவானாலும் போதும். அதே தெருவில், தெரிந்தவர் வீட்டில் நடக்கிறது என்பதால் இருட்டும் நேரத்திலும் பெண் பிள்ளையைத் தாய் தயங்காமல் அனுப்பினாள்.

அந்தத் ‘தெரிந்தவர்’ எங்கிருந்து வந்தார் என்பதில்தான் பழைய வேர் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தது. பகலெல்லாம் காட்டிலும் கழனியிலும் உழைத்த பெண்கள் இரவில் விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டினார்கள். சொல்லித்தந்தவர்கள் சம்பளம் வாங்காத உள்ளூர் இளைஞர்கள். புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். கையெழுத்துப் போடப் பழகிய தாய்மார்கள் மகள்களைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஒரு தலைமுறை கழிந்தபோது, பிளஸ் டூ முடித்த பெண், பி.எட். படித்துவிட்டு வேலை கிடைக்காத மருமகள் என்று தெருவுக்குத் தெரு படித்த பெண்கள் இருந்தார்கள். அரசு கூப்பிட்டபோது முன்வந்த ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள். திட்டத்தை ஊருக்குச் சொன்ன விதமும் அறிவொளியின் வழிதான்: பறையடித்து, பாட்டும் நாடகமுமாகக் கலைக்குழுக்கள் கிராமம் கிராமமாகப் போயின.

எதிர்ப்பும் இருந்தது. தன்னார்வலர் என்ற பெயரில் மத வெறுப்பை விதைப்பவர்கள் பிள்ளைகளிடம் வந்துவிடுவார்களோ என்று சிலர் அஞ்சினார்கள். ஆயிரம் ரூபாய்க்கு ஆள் கிடைத்தால் ஆசிரியர் பணியிடங்களை அரசு நிரப்புமா என்று கேட்டவர்களும் உண்டு. இரண்டுமே நியாயமான கேள்விகள். தன்னார்வலர் தேர்வில் கவனமும், பள்ளிக்கு மாற்றாக இல்லாமல் துணையாக மட்டுமே நிற்கும் எல்லையும் இருந்தால்தான் இத்தகைய முயற்சி நம்பிக்கைக்கு உரியதாகும்.

பலன் கிடைத்ததா? அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். 2021 டிசம்பரில் பிள்ளைகள் கணக்கில் வெகுவாகவும், தமிழில் அதைவிடக் குறைவாகவும் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. மீண்டதில் ஏறத்தாழ கால் பங்குக்கு மாலை வகுப்புகள் காரணம் என்பது அவர்கள் கண்ட முடிவு. மூடிக் கிடந்த காலத்தில் அதிகம் இழந்தவர்கள் ஏழைப் பிள்ளைகள். இந்த வகுப்புகளுக்கு அதிகம் வந்தவர்களும் அவர்களே.

ஆறு மாதத்துக்கென்று தொடங்கிய திட்டம் அதைத் தாண்டியும் தொடர்ந்தது. அதற்குக் காரணம், கொரோனா வருவதற்கு முன்பும் இந்தத் தேவை இருந்ததுதான். பாடம் புரியாத பிள்ளைக்கு வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லை, டியூஷனுக்குப் பணமும் இல்லை என்ற நிலை எந்த ஆண்டிலும் உண்டு. அந்தப் பிள்ளையின் தெருவிலேயே சொல்லித்தரக்கூடிய ஒரு பெண்ணும் இருக்கிறாள். இருவரையும் சேர்த்துவைக்க முடியும் என்று ஒரு பெருந்தொற்று காட்டிவிட்டது. இனி அடுத்த பேரிடருக்குக் காத்திருக்காமல் இதை நிலையான ஏற்பாடாக்க வேண்டும். அந்தப் பெண்ணின் உழைப்புக்கு ஆயிரம் ரூபாயைவிட மதிப்பான ஊதியமும் தர வேண்டும்.