வாத்து எச்சமும் ஒரு கவுலும்

இழை கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

1) மழைக்காலம் முடிஞ்ச கையோட, மாமல்லபுரம் பக்கம் ஒரு விடுதியில வேலை பார்க்கிற நண்பர் போன் பண்ணார். "டாக்டர், நீச்சல் குளத்துல தினமும் காலையில ரெண்டு காட்டு வாத்து வந்து உட்காருது. ஒரே எச்சம். பசங்க குளிக்கிற இடம். நோய் வருமா? பேசாம மருந்து வெச்சிடலாமான்னு மேல கேட்கிறாங்க."

நோய் வருமாங்கிறதுக்கு நான் பதில் சொல்லிடுவேன். மருந்து வைக்கலாமாங்கிற கேள்விக்கு இதே செங்கல்பட்டு சீமையில 200 வருஷத்துக்கு முன்னாடியே பதில் சொல்லிட்டாங்க. அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

2) வேடந்தாங்கல். பேரைப் பாருங்க. வேடன் + தாங்கல். தொண்டை மண்டலத்துல தாங்கல்னா சின்ன ஏரி. வேட்டைக்காரன் பேரைச் சுமக்கிற ஏரிதான் பிற்பாடு பறவைகளுக்கு அடைக்கலம் ஆச்சு.

1790களின் இறுதி. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேடந்தாங்கலுக்கு வந்து, கூடு கட்டியிருந்த பறவைகளைச் சுட்டார்கள். ஊர் மக்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். எங்க ஏரி, எங்க பறவை, தொன்றுதொட்டு நாங்க காத்து வர்றோம் என்பதுதான் அவர்கள் வழக்கு. கலெக்டர் அந்த உரிமையை ஏற்று 'கவுல்' எழுதிக் கொடுத்தார். கவுல்னா அரசு தரும் உறுதிப் பத்திரம். ஏரியிலும் சுற்றுவட்டாரத்திலும் பறவைகளை யாரும் பிடிக்கக் கூடாது, துன்புறுத்தக் கூடாது.

துப்பாக்கி வெச்சிருந்தவன் கம்பெனி சிப்பாய். எதிர்த்துக் கேட்டவங்க சம்சாரிங்க. யோசிச்சுப் பாருங்க.

3) ஏன் கேட்டாங்க? பாசம் மட்டும் இல்ல, கணக்கும் இருக்கு. கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், அரிவாள் மூக்கன்னு ஆயிரக்கணக்கில் பறவைகள் தண்ணீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டும். அதுங்க எச்சம் முழுக்க ஏரித் தண்ணியில விழும். அதில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதிகம். அந்தத் தண்ணி மடை வழியா வயலுக்குப் பாயும்போது கூடவே உரமும் போகுது. காசில்லாத உரம்!

சுமார் 30 ஹெக்டேர் ஏரிதான். 1858ல் மறுபடியும் கலெக்டர் உத்தரவு, 1936ல் சரணாலயமாக அங்கீகாரம், 2022ல் ராம்சர் பட்டியலில் இடம். பறவை மிரண்டுடக் கூடாதுன்னு இன்னைக்கும் அந்த ஊர்ல தீபாவளிக்கு வெடி வெடிக்கிறதில்ல.

4) கடற்கரைப் பக்கம் இன்னொரு கதை, இது பாம்புக் கதை. இருளர்கள் ஒரு காலத்தில் பாம்புத் தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பிழைப்பு போச்சு. 1978ல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பாம்பைப் பிடிப்பாங்க, விஷம் எடுப்பாங்க, திரும்பக் காட்டுல விடுவாங்க. அந்த விஷத்தில் இருந்துதான் பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து தயாராகுது. ராத்திரி டியூட்டியில அந்த மருந்துப் புட்டியை உடைக்கும்போதெல்லாம் வடநெம்மேலி எனக்கு ஞாபகம் வரும். 2023ல் இந்த மாவட்டத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

பறவையோ பாம்போ, இந்த மண் கொன்னு தீர்க்கல. ஒரு ஒப்பந்தத்துக்கு வந்துச்சு.

5) சரி, நீச்சல் குளத்துக்கு வருவோம். அதே எச்சம்தான். ஏரியில உரம், இங்க ஏன் பிரச்சினை? ஏரியில் பாசி, மீன், பயிர்னு அதைச் சாப்பிட ஆள் உண்டு. நீச்சல் குளத்தில் குளோரினைத் தவிர யாரும் இல்ல. போதாததுக்கு அந்தத் தண்ணியைக் குழந்தைங்க முழுங்கும்.

எச்சத்தில் சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர், ஈ.கோலை கிருமிகள் இருக்கலாம். குளோரின் அளவு சரியா இருந்தா இதெல்லாம் சில நிமிஷத்தில் சாகும். ஆனா எச்சம், சிறுநீர், வியர்வையில் உள்ள நைட்ரஜன் பொருட்கள் குளோரினோடு சேர்ந்து குளோரமின் ஆகி, குளோரினின் பலத்தைக் குறைச்சிடும். கண் எரிய வைக்கும் அந்த வாடை இதுதான். வாடை தூக்கலா அடிச்சா குளம் சுத்தம்னு நினைக்காதீங்க. அது எச்சரிக்கை.

6) என்ன செய்யணும்?

• எல்லாரையும் வெளியே ஏத்துங்க. எச்சத்தை வலையால் அள்ளுங்க, உறிஞ்சும் கருவி வேண்டாம். வலையையும் கிருமிநீக்கம் பண்ணுங்க.
• குளோரின் 2 பிபிஎம், பிஎச் 7.5 அல்லது அதற்குக் கீழே வெச்சு அரை மணி நேரம் வடிகட்டி ஓடட்டும். அப்புறம் இறங்கலாம்.
• ராத்திரி குளத்தை மூடி வைங்க. அரிசி, ரொட்டி போடாதீங்க. சோறு கிடைக்கிற இடத்தை வாத்து மறக்காது.
• ஓரத்தில் ஒரு சாய்வுப் பலகை போடுங்க. குஞ்சும் தவளையும் ஏறிப் போயிடும். இல்லன்னா செத்து மிதக்கும்.
• விஷம் வைக்கிறது, கூட்டைக் கலைக்கிறது, முட்டையை உடைக்கிறது சட்டப்படி குற்றம். கூடு கட்டிட்டா வனத்துறைக்குச் சொல்லுங்க.
• பாம்பு கிடந்தா, தண்ணிப் பாம்புதான்னு கை வைக்காதீங்க. தீயணைப்புத் துறை 101. கடிச்சிட்டா கட்டு போடாம, கீறாம, 108ல் நேரா அரசு மருத்துவமனைக்கு வாங்க.

7) வாத்தை விட எனக்கு எலி மேலதான் பயம். மழைக்கு அப்புறம் பராமரிப்பு இல்லாத குளத்தில் எலிச் சிறுநீர் கலந்தா எலிக் காய்ச்சல் வரலாம். குளிச்ச ரெண்டு வாரத்தில், சில சமயம் ஒரு மாசம் கழிச்சுக்கூட, காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மஞ்சள் காமாலைன்னு வந்தா, "நீச்சல் குளத்துல குளிச்சேன்"னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. அந்த ஒரு வரி உங்க சிறுநீரகத்தைக் காப்பாத்தலாம். சீக்கிரம் கண்டுபிடிச்சா சாதாரண ஆன்டிபயாட்டிக்லயே குணமாகும்.

8) நண்பர்கிட்ட இதைத்தான் சொன்னேன். ராத்திரி மூடுறாங்க, தினம் குளோரின் பார்க்கிறாங்க. வாத்து வர்றது நின்னு போச்சாம்.

துப்பாக்கிக்கு எதிரா பறவைக்குப் பத்திரம் வாங்கின ஊர் இது. நாம ஒரு மூடி வாங்கினா போதும்.