நிரல் அறியாதவர் செய்யும் மென்பொருள்

1994 முதல் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001-இல் எண்ணூர்த் துறைமுகம், 2013-இல் காட்டுப்பள்ளித் துறைமுகம் என அடுத்தடுத்து வந்ததில் சென்னைக்கு வடக்கே உள்ள மீஞ்சூரின் வேலையே மாறிப்போனது. வயல்களைச் சுற்றிக் கன்டெய்னர் கிடங்குகளும் டிரெய்லர் லாரிகளும் பெருகின. கூடவே டிரிப் ஷீட், டீசல் பில், ஓட்டுநர் பேட்டா என்று ஓயாத கணக்கும் வந்து சேர்ந்தது. அந்தக் கணக்கை எழுதுகிறவர் தமிழிலேயே சொல்லி, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தனக்கு வேண்டிய மென்பொருளைச் செய்துகொள்ளும் காலம் இது. பலர் இதை முன்பின் கண்டிராத அதிசயமாகப் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிரலாளர் அல்லாதவர் கைக்கும் நிரலைக் கொண்டுசேர்க்க அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் ஒரு முயற்சியின் அண்மைக் கட்டம் இது. அம்முயற்சி வென்ற இடங்களிலெல்லாம் தன் தொழிலை நன்கறிந்தவரே முன்னின்றிருக்கிறார்.

1959-இல் கோபால் (COBOL) என்ற நிரல் மொழிக்கான வேலை தொடங்கியபோது, சாதாரண ஆங்கிலச் சொற்களில் அமைந்தால் மேலாளர்களும் நிரலைப் படித்துப் புரிந்துகொள்வார்கள் என்று நம்பினார்கள். நடந்ததோ வேறு: கோபால் எழுதுவதே தனித் தொழிலாகி, 1990-களின் இறுதியில் ‘ஒய்2கே’ எனப்பட்ட ஆண்டு எண் சிக்கலைத் திருத்தச் சென்னை இளைஞர்களும் அதைக் கற்றார்கள். 1979-இல் வந்த விசிகால்க் விரிதாளின் கதை அப்படியல்ல. கணக்கர் தன் கட்டங்களில் தானே சூத்திரம் போட்டார், நிரலாளருக்காகக் காத்திருக்கவில்லை. நம் நாட்டில் டேலி பிறந்ததும் இதே தேவையிலிருந்துதான். ஆலைகளுக்கு உதிரிப்பாகம் விற்ற பெங்களூர் வணிகர் ஷியாம் சுந்தர் கோயங்காவுக்கு ஏற்ற கணக்கு மென்பொருள் கிடைக்காததால், அவர் மகன் பரத் கோயங்கா அதை எழுதினார்; 1986-இல் நிறுவனம் உருவானது. என்ன வேண்டும் என்பதைத் தொழில் தெரிந்தவரே சொன்னது அதன் பெரிய பலம்.

நிரலைப் படிக்கத் தெரியாதவர் அதிலுள்ள பிழையை எப்படிக் கண்டுபிடிப்பார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு பழைய எக்செல் கோப்பு வடிவத்தைப் பயன்படுத்தியதில், 65,536 வரிசைகளுக்கு மேற்பட்டவை விடுபட்டு, ஏறக்குறைய 16,000 கொரோனா தொற்றுகள் உரிய நேரத்தில் கணக்கில் சேரவில்லை. ஆனால் உள்ளே போன எண்ணிக்கையையும் வெளியே வந்த எண்ணிக்கையையும் ஒப்பிட்டிருந்தாலே அது தெரிந்திருக்கும். அதற்கு நிரலறிவு தேவையில்லை. பற்றும் வரவும் ஒத்துப்போகாமல் கணக்கை மூடாத பழக்கம் நம் கணக்கர்களுக்கு என்றோ வந்துவிட்டது. டீசல் பில்களின் மொத்தம் தெரிந்தவரிடம் தவறான தொகை நிற்காது.

தொகையை ஒப்பிட்டால் தெரியாத பிழைகளும் உண்டு. கடவுச்சொல்லைத் திறந்தபடி விட்டு வைத்த நிரலும் சரியான தொகையையே காட்டும். செயற்கை நுண்ணறிவு எழுதிய நிரலைப் படிக்காமலே ஏற்கும் வழக்கத்துக்கு 2025 பிப்ரவரியில் ‘வைப் கோடிங்’ என்று பெயர் சூட்டிய செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஆந்த்ரே கர்பாத்தியே, அதை வார இறுதியின் விளையாட்டு முயற்சிகளுக்குத்தான் பொருத்தினார். எனவே லாரி அலுவலகத்தின் டிரிப் கணக்கை, தாள் நகலோடு சரிபார்த்தபடி, இவ்வழியில் தாராளமாகச் செய்துகொள்ளலாம். ஓட்டுநர்களின் ஆதார் எண்ணோ வங்கிக் கணக்கோ உள்ளே வருகிறதென்றால், இணையத்தில் ஏற்றும் முன் தேர்ந்த நிரலாளர் ஒருவரிடம் காட்டிப் பணம் கொடுத்தாவது சோதித்துக்கொள்ள வேண்டும்.