கடலைப் பார்த்துப் பிறந்த படை

பீரங்கிப் படையின் பிறப்பை எழுத வருகிறவர்கள் கோட்டையிலிருந்தோ துறைமுகத்திலிருந்தோ தொடங்குவது வழக்கம். நான் யட்டவத்தயிலிருந்து தொடங்குகிறேன். மாத்தளை மாவட்டத்து மலைச்சரிவு ஊர் அது. மிளகும் கராம்பும் கொக்கோவும் தென்னையும் விளையும் மண். எந்த மேட்டில் ஏறி நின்றாலும் கடல் தெரியாது. ஆனாலும் 1888-இல் பிறந்த இலங்கைத் தொண்டர் பீரங்கிப் படைக்கு வித்து விழுந்தது இந்த மலைநாட்டில்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கண்டியையும் மாத்தளையையும் சுற்றிய காடுகள் வெட்டப்பட்டுக் கோப்பித் தோட்டங்களாயின. தோட்டத்துக்கு ஆள் தமிழகத்திலிருந்து வந்தது. மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தா என்று நடந்து மாத்தளையை அடைந்து, அங்கிருந்து கண்டிப் பக்கம் பிரிந்தார்கள். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். பிழைத்தவர்கள் பறித்த கோப்பி மாட்டு வண்டியில் கொழும்புக்கு இறங்கியது. 1867-இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. 1880-இல் தண்டவாளம் மாத்தளை வரை நீண்டது. மலையின் விளைச்சல் முழுவதையும் கப்பலேற்றக் கொழும்புக்கு ஒரு நல்ல துறைமுகம் வேண்டியிருந்தது. அதுவரை பெரிய கப்பல்கள் காலியில்தான் தங்கின. கொழும்பில் தென்மேல் பருவக்காற்று அடித்தால் கப்பல் நிற்க முடியாது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அலைதடுப்புச் சுவருக்கு முதல் கல் நாட்டினார். 1885-இல் தென்மேற்குச் சுவர் கட்டி முடிந்தது. சூயஸ் கால்வாய் திறந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஐரோப்பாவிலிருந்து சீனாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகும் நீராவிக் கப்பல்கள் நிலக்கரி நிரப்பக் கொழும்பில் ஒதுங்கலாயின.

நிலக்கரி நிற்கும் இடத்தில் பீரங்கியும் நிற்க வேண்டும் என்பது அந்தக் காலத்து இங்கிலாந்தின் கணக்கு. 1879 முதல் 1882 வரை கார்னர்வன் பிரபு தலைமையில் ஓர் அரச ஆணைக்குழு இதை ஆராய்ந்தது. எதிரிப் போர்க்கப்பல் ஒன்று திடீரென்று வந்து நிலக்கரிக் கிடங்கைக் கொளுத்திவிட்டால் பிரித்தானியக் கப்பற்படை நடுக்கடலில் எரிபொருளின்றித் தவிக்கும். 1885-இல் ஆப்கானிஸ்தான் எல்லையில் பஞ்ச்தே என்ற இடத்தில் ரஷ்யப் படை முன்னேறியதும் அந்த அச்சம் உண்மையாகிவிடும் போலிருந்தது. பேரரசின் துறைமுகங்களிலெல்லாம் கொத்தளம் கட்டத் தொடங்கினார்கள்.

பீரங்கி சரி, அதைச் சுட ஆள்? இங்கேதான் பணம் குறுக்கே வந்தது. 1869-இல் தொற்றிய இலைத்துரு நோய் கோப்பியைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884-இல் கதவை மூடியது. அதன் நோட்டுகளுக்கு அரசாங்கமே உத்தரவாதம் என்று ஆளுநர் ஆர்தர் கோர்டன் அறிவித்ததால்தான் கடைத்தெருவில் பீதி அடங்கியது. கஜானா காலி. மலாய் வீரர்கள் பெருமளவில் இருந்த பழைய இலங்கை ரைஃபிள் படையை 1870-களிலேயே செலவைக் காட்டிக் கலைத்திருந்தார்கள். வெள்ளைப் படையைக் கூட்டினால் அதன் செலவையும் இலங்கைதான் லண்டனுக்குக் கட்ட வேண்டும்.

மலிவான வழி தொண்டர் படை. பகலில் தத்தம் வேலையைப் பார்த்துவிட்டு மாலையில் வந்து பயிற்சி எடுப்பவனுக்கு முழுநேரச் சம்பளமோ ஓய்வூதியமோ வேண்டாம். 1881-இல் இப்படித்தான் இலங்கை இலகு காலாட்படைத் தொண்டர்கள் உருவானார்கள். 1888-இல் தொண்டர் பீரங்கிப் படை பிறந்தது. நாட்டைக் காக்கும் துடிப்பில் பிறந்தது என்று படை வரலாறுகள் சொல்லும். துடிப்பு இருந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் திவாலான ஒரு கஜானாவின் சிக்கனத்தில் பிறந்தது என்று சொல்வதுதான் எனக்கு நேர்மையாகப் படுகிறது. அந்தக் கஜானாவுக்கு வந்த வருமானத்தில் இறக்குமதி அரிசியின் மீது விதித்த சுங்கமும் அடக்கம். இந்தியாவிலிருந்து வந்த அந்த அரிசியைத் தின்றவர்கள் பெரும்பாலும் தோட்டத்து லயங்களில் இருந்தவர்கள். கொழும்பின் கொத்தளங்களுக்கு அவர்களும் பணம் கட்டியிருக்கிறார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

பீரங்கியை யார் தொடலாம் என்பது அந்த நாளில் சின்னக் கேள்வி அல்ல. 1857 எழுச்சிக்குப் பிறகு இந்தியாவில் மலைப் பீரங்கிப் பிரிவுகள் சிலவற்றைத் தவிர மற்றப் பெரும் பீரங்கிகளை வெள்ளையர் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். இலங்கையும் 1848-ஐ மறக்கவில்லை. அந்த ஜூலையில் வரிக் கொடுமைக்கு எதிராகத் திரண்ட மக்கள் மாத்தளைக்குள் புகுந்து அரசாங்கக் கட்டடங்களைத் தாக்கினார்கள். தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு ஆகஸ்ட் 8 அன்று கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இப்படிப்பட்ட ஆட்சி உள்ளூரில் ஒரு பீரங்கிப் படையை வளர்த்ததற்குக் காரணம், அந்தப் பீரங்கிகள் எல்லாம் கடலைப் பார்த்து நிலைநாட்டப்பட்டவை என்பதுதான் என்று நினைக்கிறேன். கரைப் பீரங்கி சக்கரத்தில் ஓடாது. சிமெந்து மேடையில் இரும்பு அச்சில் அது குந்தியிருக்கும்.

அதன் வேலை நுணுக்கமானது. ஆறங்குலப் பீரங்கியின் குண்டு ஏறத்தாழ 100 இறாத்தல் எடை, ஒன்பதே காலங்குலத்தின் குண்டு 380 இறாத்தல். தூரத்தில் புள்ளியாய்த் தெரியும் கப்பல் எத்தனை யார் தொலைவில் இருக்கிறது என்று தெரியாமல் சுட்டால் குண்டு கடலுக்குத்தான். வாட்கின் என்ற பீரங்கி அதிகாரி உருவாக்கிய தூரமானி இதற்கு ஒரு வழி சொன்னது. கருவியைக் குன்றின் மேல் வைப்பார்கள். கடல்மட்டத்திலிருந்து அதன் உயரம் முன்பே அளந்து தெரிந்திருக்கும். தொலைநோக்கியைக் கப்பலின் அடிப்பாகம் தண்ணீரைத் தொடும் கோட்டுக்குத் தாழ்த்தினால் ஒரு கோணம் கிடைக்கும். உயரமும் கோணமும் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். கடல் ஏறி இறங்குவதற்கு ஏற்ப அந்தக் கணக்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். தூரம் வந்ததும் ஒருவன் குழாயை ஏற்றி இறக்குவான், இன்னொருவன் இடவலமாகத் திருப்புவான், மற்றவர்கள் குண்டைத் தள்ளி, அதன் பின்னால் கோர்டைட் மருந்துப் பையை வைத்துப் பின்கதவை மூடுவார்கள். ஒருவன் பிசகினால் எல்லாரும் பிசகியதுதான்.

இத்தனை பயிற்சியும் 1914-இல் உதவவில்லை. செப்டம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்த் தாங்கிகளைக் கொளுத்திய ஜெர்மன் கப்பல் எம்டன், அதே வாரம் கொழும்புக்கு அருகே வந்து சரக்குக் கப்பல்களைப் பிடித்து மூழ்கடித்தது. கரைப் பீரங்கியின் எல்லைக்குள் அது கால் வைக்கவே இல்லை. நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவுக் கூட்டத்தில் தந்தி நிலையத்தை உடைக்க ஆட்களை இறக்கியிருந்தபோது ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை அடித்துக் கரையேற்றியது. கொக்கோஸ் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1910-இல் தொண்டர் படைகள் எல்லாம் இலங்கைப் பாதுகாப்புப் படையாகின. 1918-இல் பீரங்கிப் பிரிவு இலங்கைக் காவற்பீரங்கிப் படை என்று பெயர் மாறியது. அதற்குப் பிந்திய இருபது ஆண்டுகளில் அதிகம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டாம் உலகப்போர் வந்ததும் படை பெருத்தது, புதிய இளைஞர்கள் சேர்ந்தார்கள். கொழும்பையும் திருகோணமலையையும் காத்தது போதாதென்று 1941-இல் அவர்களைச் செய்ஷெல்சுக்கும் கொக்கோசுக்கும் அனுப்பினார்கள். சொந்தத் துறைமுகத்தைக் காக்கப் பிறந்த தொண்டர் படை வேறு யாருடைய தீவையோ காக்கப் போனது. கதை திரும்புவது இந்த இடத்தில்தான்.

1942 பெப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. வெள்ளையரை யாராலும் அசைக்க முடியாது என்ற எண்ணம் ஆசியா முழுவதும் நொறுங்கியது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9-இல் திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அரை நூற்றாண்டாகக் கடலையே பார்த்துக்கொண்டிருந்த பெரும் பீரங்கிகளுக்குச் சுடக் கப்பல் கிடைக்கவில்லை. எதிரி தலைக்கு மேல் வந்துவிட்டுப் போய்விட்டான்.

கொக்கோசின் ஹோர்ஸ்பர்க் தீவில் இரண்டு ஆறங்குலப் பீரங்கிகளுடன் இலங்கை வீரர்கள் இருந்தார்கள். பவளத் தீவு, தென்னை, வெயில், அலை. தளபதி கப்டன் ஜோர்ஜ் கார்டினர். டைரக்‌ஷன் தீவில் பெர்த்தையும் மொரிசியசுப் பக்கத்தையும் இணைக்கும் கடலடித் தந்தி நிலையம், அதற்குக் காவலாக இலங்கை இலகு காலாட்படையினர். தங்கள் அதிகாரிகளின் நடத்தையில் பீரங்கி வீரர்களுக்கு ஆழ்ந்த கசப்பு இருந்தது. அவர்களுள் படித்தவர், வாதாடத் தெரிந்தவர், ஏகாதிபத்திய எதிர்ப்புக் கருத்தில் ஊறியவர் பொம்பார்டியர் கிரேஷியன் பெர்னாண்டோ.

கிழக்கே கிறிஸ்மஸ் தீவில் ஒரு முன்னுதாரணமும் நடந்து முடிந்திருந்தது. அங்கே ஒற்றை ஆறங்குலப் பீரங்கியைக் காத்த இந்திய வீரர்கள் மார்ச் மாதம் கிளர்ந்து, தளபதி உட்பட ஐந்து பிரித்தானியரைக் கொன்றார்கள். மார்ச் 31-இல் ஜப்பானியர் அந்தத் தீவில் இறங்கிவிட்டார்கள்.

மே 8 இரவு பெர்னாண்டோவும் தோழர்களும் எழுந்தார்கள். அதிகாரிகளைப் பிடிப்பது, பீரங்கிகளை டைரக்‌ஷன் தீவுப் பக்கம் திருப்புவது, தீவை ஜப்பானியரிடம் ஒப்படைப்பது என்பது திட்டம். பெர்னாண்டோவின் கையிலிருந்த பிரென் துப்பாக்கி முக்கிய நேரத்தில் சிக்கிக்கொண்டது. கிளர்ச்சியில் சேராத சாமுவேல் ஜயசேகர என்ற வீரர் இறந்தார், ஓர் அதிகாரி காயப்பட்டார். விடியுமுன் எல்லாம் அடங்கிவிட்டது. இராணுவ நீதிமன்றம் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. நால்வரின் தண்டனை குறைக்கப்பட்டது. கிரேஷியன் பெர்னாண்டோ, கார்லோ கோடர், பென்னி டி சில்வா ஆகிய மூவரும் 1942 ஆகஸ்டில் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள்.  அதே ஆகஸ்டில்தான் பம்பாயில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறியது.

ஜப்பானியரை நம்பியது பெரும் தவறு என்று நான் நினைக்கிறேன். கொரியாவிலும் சீனாவிலும் மலாயாவிலும் அவர்கள் செய்தது தெரிந்தவர் யாரும் அவர்களை மீட்பர் என்று சொல்ல மாட்டார். ஜயசேகரவின் சாவையும் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் யாருடைய கடலை, யாருக்காகக் காக்கிறோம் என்று அந்தப் படைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டதை மதிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. படை பிறந்து 54 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் கேள்வியை அதிகாரம் எப்படி எடுத்துக்கொண்டது என்பதும் தெளிவு: அதற்குப் பிறகு அந்த உலகப்போரில் இலங்கையின் போரிடும் பிரிவு எதுவும் முன்னணிக்கு அனுப்பப்படவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் 1949-இன் இராணுவச் சட்டத்தோடு நிரந்தர இராணுவம் உருவானது. அதே ஆண்டு விமான எதிர்ப்புப் பீரங்கிகளோடு புதிய பீரங்கிப் பிரிவும் எழுந்தது. இன்றைய இலங்கைப் பீரங்கிப் படையணி தன் வேரை 1888-இல்தான் காட்டுகிறது. கப்பல்களுக்காகவும் விமானங்களுக்காகவும் வாங்கிய குழாய்கள் போய், நிலத்தில் சுடும் பீரங்கிகள் வந்தன. உள்நாட்டுப் போரில் 122, 130, 152 மில்லிமீற்றர்ப் பீரங்கிகளும், 2000-இல் வந்த பல்குழல் எறிகணை செலுத்திகளும் வடக்கு கிழக்கை நோக்கி நின்றன. 1996-இல் முல்லைத்தீவு இராணுவ முகாமில் கைப்பற்றிய பீரங்கிகளால் விடுதலைப் புலிகளும் சுட்டார்கள்.

ஈழத்துத் தமிழர் வீட்டில் "ஷெல்லடி" என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. கூவும் ஒலி நீளமாகக் கேட்டால் தலைக்கு மேலே தாண்டிப் போகிறது, சட்டென்று நின்றால் நம் பக்கம்தான் என்று குழந்தைகளுக்கே தெரிந்திருந்த காலம் அது. 2009-இன் இறுதி மாதங்களில் வன்னியில் இறந்த பொதுமக்களில் பெரும்பாலோர் அரச படைகளின் எறிகணை வீச்சில் இறந்தார்கள் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் அறிக்கை தந்தது. மக்களை வெளியேற விடாமல் தடுத்ததாகவும் அவர்களுக்கு அருகிலிருந்தே சுட்டதாகவும் புலிகள் மீதும் அதே அறிக்கை குற்றம் சாட்டியது.

அந்த வன்னி மக்களில் மலைநாட்டாரும் இருந்தார்கள். தமிழருக்கு எதிரான 1977 வன்செயலுக்குப் பிறகு, இனி இங்கே இருக்க முடியாதென்று மலைநாட்டுத் தோட்டங்களை விட்டுக் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். வன்னி சுருங்கச் சுருங்க அவர்களும் போர் முடிந்த முள்ளிவாய்க்கால் வரை தள்ளப்பட்டார்கள். படையணி தன் பிறந்த ஆண்டை 1888 என்று எழுதி வைத்திருக்கிறது. முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களின் முழுமையான பெயர்ப் பட்டியல் இன்றுவரை வெளியாகவில்லை.