தலைப்பிரசவத்துக்கு யார் துணை?

திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கோயிலின் தலபுராணம் ஒரு தலைப்பிரசவத்தின் கதை. பேறுகாலம் நெருங்கிய மகள் இரத்தினாவதிக்குத் துணையிருக்க, மருந்தும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு பூம்புகாரிலிருந்து தாய் புறப்படுகிறாள். காவிரியில் வெள்ளம். அவள் அக்கரையில் நிற்க, இங்கே மகளுக்கு வலி கண்டுவிடுகிறது. சிவபெருமானே தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்து, வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வரும்வரை உடனிருந்தார் என்கிறது புராணம். செட்டிப்பெண் மருத்துவம் என்ற பெயரில் சித்திரை விழாவில் இன்றும் இதை நடத்திக் காட்டுகிறார்கள். சுகப்பிரசவம் வேண்டிப் பெண்கள் வாழைத்தார் நேர்ந்துகொள்கிறார்கள்.

இந்தக் கதையில் கணவனுக்கு வேலையே இல்லை.

தமிழ்க் குடும்பங்களின் நடைமுறையும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. முதல் பிள்ளைக்கான ஆயத்தம் முழுவதும் தாய்வீட்டுப் பொறுப்பு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு நடக்கும். அது முடிந்த கையோடு பெண்ணை அழைத்துப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் வேலை தொடங்கும். சுக்கு, மிளகு, ஓமம், திப்பிலி, கண்டந்திப்பிலி எல்லாம் வாங்கிக் காயவைத்து, லேகியத்துக்கு இடித்து வைப்பார்கள். நைந்து மெத்தென்று ஆன பருத்திச் சேலைகளைத் துவைத்துக் கிழித்து மடிப்பார்கள். பின்கட்டில் ஓர் அறையை ஒழிப்பார்கள். நாள் நெருங்கி வயிறு வலிக்கிறது என்றால் முதலில் சீரகக் கஷாயம். வலி தணிந்தால் அது சூட்டு வலி. தணியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு விட்டுவிட்டு வந்தால் மருத்துவச்சியைக் கூட்டிவர ஆள் ஓடும்.

இந்த ஏற்பாட்டின் பலம் மருந்தில் இருந்ததைவிட வீட்டில்தான் அதிகம் இருந்தது. முதன்முறை பிரசவிக்கிறவள் பெரும்பாலும் பதின்பருவத்துப் பெண். புகுந்த வீட்டில் தலை நிமிர்ந்து பேசவே கூசுகிறவள். அவள் வாய்விட்டுக் கத்தவும், வேண்டாம் என்பதை வேண்டாம் என்று சொல்லவும் ஓர் இடம் வேண்டியிருந்தது. ஆனால் அதற்கான செலவும் சீரும் பெண்ணைப் பெற்றவர்கள் தலையிலேயே விழுந்தன. கலியாணக் கடன் தீருமுன்பே பேறுகாலக் கடன் வந்து நின்ற வீடுகள் ஏராளம்.

பல ஊர்களில் மருத்துவச்சி நாவிதர் சமூகத்துப் பெண். மாமியாரிடமிருந்து மருமகளுக்குக் கைமாறிய தொழில் அது. ஊரில் பாதிப் பேரை உலகத்துக்குக் கொண்டுவந்தவள் அவள். கூலியாகக் கிடைத்ததோ நெல்லும் ஒரு சேலையும். தீட்டு முழுவதையும் அவள் கையில் விட்ட அதே வீடுகள் மற்ற நாட்களில் அவளை வாசலோடு நிறுத்தின. இது எவ்வளவு பெரிய நன்றிகேடு என்பதைச் சொல்லாமல் இந்த வரலாற்றைக் கடக்க முடியாது. பொறுமையும் அனுபவமும் அவளிடம் இருந்தன. குழந்தை குறுக்கே நின்றாலும், உதிரப்போக்கு நிற்காவிட்டாலும், பிரசவத்துக்குப் பின் ஜன்னி கண்டாலும் அவளால் செய்யக்கூடியது சொற்பமே.

அந்த இடத்தில் கைகொடுக்கப் புது மருத்துவம் வந்தது. பெண்களிடம்தான் போய்ச் சேரவில்லை. பிரசவத்துக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி 1844இல் சென்னையில் தொடங்கியது. இன்றைய எழும்பூர் தாய் சேய் மருத்துவமனையின் மூலம் அதுதான். யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், 1857இலேயே பிரசவ மருத்துவ நூல் ஒன்றைத் தமிழில் கொண்டுவந்தார். ஆனால் அவரிடம் பயின்றவர்கள் ஆண்கள். அன்னிய ஆண் பிரசவ அறைக்குள் நுழைவதை எந்த வீடும் ஏற்கவில்லை.

அந்தத் தடை எவ்வளவு கொடியது என்பதற்குத் திண்டிவனத்து இரவு சாட்சி. 1890களின் தொடக்கத்தில், மிஷன் மருத்துவரின் மகள் ஐடா ஸ்கட்டரைத் தேடி ஒரே இரவில் மூன்று கணவர்கள் வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் வேறு சாதி இந்து. மூவரின் இளம் மனைவியரும் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தார்கள். தான் மருத்துவம் படிக்கவில்லை, அப்பாவை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. மூவரும் மறுத்துத் திரும்பினார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்தக் கணவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று சொல்லிவிட முடியாது. இருட்டில் ஓடிவந்து கெஞ்சியவர்கள் அவர்கள். அவர்கள் வளர்ந்த ஒழுங்கில், அதற்குமேல் ஓர் அடி வைக்க வழியில்லை. ஐடா அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, மறு ஆண்டு வேலூருக்கு வந்தார். 1918இல் அங்கே பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். சென்னையில் பெண் மருத்துவர் மேரி ஷார்லீப் முயற்சியால், திரைமறைவில் வாழும் பெண்களுக்கான கோஷா ஆஸ்பத்திரி 1885இலேயே வந்துவிட்டது. பெண் மருத்துவர் இருக்கிறார் என்று தெரிந்த பிறகே பல வீடுகளின் கதவு திறந்தது.

பிறகு தாய்வீட்டின் வேலைகள் ஒவ்வொன்றாக அரசின் கைக்கு வந்தன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி, 1987இல் 300 ரூபாயாகத் தொடங்கி, இன்று ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாயாக நிற்கிறது. அங்கன்வாடிகளில் சமுதாய வளைகாப்பு நடக்கிறது. 2005-06இல் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் சுமார் 88 சதவீதம் மருத்துவமனைகளில் நடந்தன. 2019-21இல் அது 99.6 சதவீதம்.

உயிர்கள் பிழைத்தன. ஆனால் வலியோடு உள்ளே போன பெண் அங்கே தனியாளாகிவிட்டாள். அம்மா வராந்தாவில் உட்கார வேண்டியதாயிற்று. இதை உணர்ந்து 2004இல் தமிழக அரசு, பிரசவ அறையில் உறவுக்காரப் பெண் ஒருவர் உடனிருக்க அனுமதித்தது. மத்திய அரசு 2016இல் இதையே நாடு முழுவதற்கும் நெறிமுறையாக்கியபோது, மறைவுக்கு வசதியுள்ள இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தது. பல அரசு மருத்துவமனைகளில் பிரசவக் கட்டில்கள் ஒரே கூடத்தில் வரிசையாகக் கிடக்கின்றன. அங்கெல்லாம் கணவர் உள்ளே வர, முதலில் தடுப்பு கட்டியாக வேண்டும்.