முதியோர் இல்லங்களில் பராமரிப்புத் தரம் (மும்பை)

60 வயது கடந்து இல்லத்தில் தங்கி வாழ்பவருக்கு உணவு, மருத்துவம், தூய்மை, மரியாதை ஆகியவை எந்த அளவில் கிடைக்க வேண்டும் என்பதற்கான வரையறை. இந்தியாவில் இதற்கு அடிப்படை 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம். மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது வேண்டும், அதில் ஆதரவற்ற முதியோர் குறைந்தது 150 பேருக்கு இடம் இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 19. தமிழர் வாழும் தாராவியும் மாட்டுங்காவும் மும்பை நகர மாவட்டத்தில் உள்ளன. செம்பூர் மும்பை புறநகர் மாவட்டத்தில் உள்ளது; எனவே இரண்டுக்கும் தனித்தனி இல்லம் வேண்டும். ஆனால் அரசு ‘அமைக்கலாம்’ என்றுதான் சட்டம் சொல்கிறது; அது பெருங்குறை.

தரம் தெரிவது படுக்கையருகேதான்: உட்கார்ந்தால் கால் தரையில் பாவும் கட்டில், கழிவறைச் சுவரில் கைப்பிடி, வேளைவாரியாக எழுதிய மருந்துச் சீட்டு. எழ முடியாதவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வந்துவிடும்.

மும்பைத் தமிழருக்கு மொழியும் பராமரிப்பே. மறதிநோய் முற்றும்போது, பிழைக்க வந்த இடத்தில் கற்ற இந்தியும் மராத்தியும் முதலில் நழுவக்கூடும். நடுராத்திரியில் “தண்ணி” என்று கேட்பவரின் பக்கத்தில் அந்தச் சொல் புரிந்த ஒருவர் இருந்தாக வேண்டும். முதியோர் உதவிக்கான இலவசத் தொலைபேசி எண் 14567.